முக்கூடல் நகரின் ஞாயிற்றுக்கிழமைகள்

(நம் வட்டத்தின் பத்தாம் ஆண்டு நிறைவுக் கூட்டத்தில் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)



அயலகத் தமிழ்க் கவிதையின் எதிர்காலம் குறித்துப் பேசுமாறு செயலாளர் என்னைக் கேட்டிருந்தார். எதிர்காலத்தைக் கணிப்பதற்குச் சோதிடர்கள் இருக்கிறார்கள். இலக்கியத்தில் அந்தப் பணியைச் செய்யத் திறனாய்வாளர்களும் இருக்கிறார்கள். எனவே நாற்பதாண்டுகள் நான் வாழ்ந்த ஊரில் ஞாயிறுதோறும் பார்த்துவந்த ஓர் ஆட்டத்தைப் பற்றிப் பேச இசைவு வேண்டினேன். சற்றுத் தயங்கிய பிறகு அவர் இசைந்தார். அமெரிக்கக் காற்பந்து என்பது அதன் பெயர். காலால் பந்தை உதைப்பது இதில் அரிது என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறேன். பெயரும் பொருளும் ஒட்டாமல் நிற்பது கவிஞர்களுக்குப் புதிதன்று.

நான் வாழ்ந்த ஊர் பிட்ஸ்பர்க். அலெகனி, மொனாங்கஹேலா என்னும் இரண்டு ஆறுகள் கலந்து ஒஹையோ என்ற மூன்றாவது ஆறாகப் பெயர்பெற்றுப் புறப்படும் இடம். நம் வழக்கில் சொன்னால் முக்கூடல். 1983ஆம் ஆண்டு நான் அங்கே சென்று இறங்கியபோது ஆற்றங்கரை நெடுக எஃகு ஆலைகள் நின்றன. அவற்றுள் பலவற்றின் புகைபோக்கிகளில் புகை இல்லை. ஹோம்ஸ்டெட் என்னும் இடத்தில் 1881 முதல் இயங்கிய பேராலை 1986இல் மூடப்பட்டது. 1892இல் தொழிலாளர் போராட்டம் நடந்து குருதி சிந்திய ஆலை அது. இன்று அவ்விடம் கடைவீதி. பன்னிரண்டு புகைபோக்கிகளை மட்டும் இடிக்காமல் விட்டிருக்கிறார்கள். நடுகற்களைப் போல வரிசையாக நிற்கின்றன.

என் பக்கத்து வீட்டுக்காரர் அந்த ஆலையில் முப்பதாண்டுகள் உழைத்தவர். போலந்திலிருந்து வந்தவர்களின் பேரன். அவர்தாம் தம் சமையலறை மேசையில் காசுகளைப் பரப்பி எனக்கு இந்த ஆட்டத்தின் இலக்கணத்தைக் கற்பித்தார். அணிக்குப் பதினொருவர். களத்தின் நீளம் 100 கெஜம். இருபுறமும் பத்துப் பத்துக் கெஜம் எல்லை நிலம். பந்து வைத்திருக்கும் அணிக்கு நான்கு முயற்சிகள். அந்த நான்கிற்குள் பத்துக் கெஜம் முன்னேறிவிட்டால் மீண்டும் நான்கு முயற்சிகள் கிடைக்கும். முன்னேறாவிட்டால் பந்து எதிரணிக்குப் போகும். எல்லை நிலத்திற்குள் பந்தைக் கொண்டுசேர்த்தால் ஆறு புள்ளிகள். மற்றவையெல்லாம் இதற்கு உரையும் உரைக்கு உரையுமே. நான்கடிக்குள் பொருளை முடித்தாக வேண்டும் என்று பழகிய வெண்பாக்காரர்கள் ஓர் அரைமணி நேரத்தில் இதைப் பிடித்துக்கொள்வார்கள் என்பது என் எண்ணம்.

இந்த விதி ஒரு சலிப்பிலிருந்து பிறந்தது. 1881இல் பிரின்ஸ்டன், யேல் என்னும் இரு கல்லூரி அணிகளும் ஆளுக்கொரு பாதி நேரம் பந்தை விடாமல் பிடித்துவைத்துக்கொண்டு, யாரும் எதுவும் பெறாமல் ஆட்டத்தை முடித்தன. பார்க்க வந்தவர்கள் வெறுத்துப்போனார்கள். மறு ஆண்டே வால்ட்டர் கேம்ப் என்பவரின் முயற்சியால், மூன்று முயற்சிகளில் ஐந்து கெஜம் என்ற விதி வந்தது. 1906இல் ஐந்து பத்தாயிற்று. 1912இல் மூன்று நான்காயிற்று. அளவு நெருக்கடியாக இருந்தால்தான் யாப்பு உயிர்பெறும் என்பதை அந்தக் கல்லூரி இளைஞர்கள் வேறு வழியில் கண்டுகொண்டார்கள்.

பந்து பத்துக் கெஜத்தை எட்டியதா என்ற ஐயம் எழுந்தால், இரண்டு கழிகளுக்கிடையே கட்டிய பத்துக் கெஜச் சங்கிலியைக் களத்தின் நடுவே கொண்டுவந்து இழுத்துப் பிடிப்பார்கள். அறுபதாயிரம் பேர் மூச்சடக்கி ஒரு சங்கிலியைப் பார்ப்பார்கள். ஒரு விரற்கடை குறைந்தாலும் பந்து கைமாறிவிடும். 2025இல் இந்த அளவை ஒளிப்படக் கருவிகளிடம் ஒப்படைத்துவிட்டார்கள். சங்கிலி மாற்று ஏற்பாடாக ஓரத்தில் நிற்கிறது. கருவி பிழை செய்யாது என்கிறார்கள். இருக்கலாம். ஆனால் அந்தச் சங்கிலி நடந்துவரும் நேரம் போயிற்று. அந்த நேரத்தில்தான் என் பக்கத்து வீட்டுக்காரர் தம் இறந்துபோன மனைவியின் பெயரைச் சொல்லி வேண்டிக்கொள்வார்.

ஆட்டக் கணக்கில் 60 நிமிடம். ஆடி முடிய மூன்று மணி நேரத்திற்கு மேல் ஆகும். 2010இல் அமெரிக்க நாளிதழ் ஒன்று கணக்கிட்டபோது, பந்து உண்மையில் இயங்கும் நேரம் ஏறத்தாழ 11 நிமிடம்தான் என்று தெரியவந்தது. எஞ்சியதெல்லாம் காத்திருத்தல், கூடிப் பேசுதல், எழுந்து நிற்றல், விளம்பரம். நம்மவர் பலர் இதனாலேயே இந்த ஆட்டத்தைப் பொறுப்பதில்லை. எனக்கோ அந்த இடைவெளிகளே பிடித்திருந்தன. ஒவ்வொரு முயற்சிக்கும் முன்னால் ஆட்டக்காரர்கள் தோள்சேர்த்து வட்டமாகக் குனிந்து நிற்பார்கள். ஹடில் என்று பெயர். வாஷிங்டனில் செவிப்புலன் அற்றோருக்கான கேலடெட் கல்லூரியில் 1890களில் பால் ஹப்பர்ட் என்னும் மாணவர் இதைத் தொடங்கினார் என்று கூறுவர். அவர்கள் கைகளால் பேசுபவர்கள். எதிரணியும் அவ்வாறே பேசுவதாக இருந்தால் திட்டம் முழுவதும் வெளிப்பட்டுவிடும். ஆகவே பேசும் கைகளை மறைக்க உடல்களால் ஒரு சுவர் எழுப்பினார்கள். இன்று இலட்சம் பேர் ஆரவாரிக்கும் அரங்குகளில் நிகழும் அந்த வட்டம், ஓசையே இல்லாத ஓர் உலகத்திலிருந்து வந்தது.

புறத்திணை பயின்றவர்கள் இங்கே அமர்ந்திருக்கிறீர்கள். மண்ணாசையால் ஒரு வேந்தன் மற்றொரு வேந்தன்மேல் செல்வதை வஞ்சி என்றும், வலிமையையே பொருளாகக் கருதி மோதுவதைத் தும்பை என்றும் தொல்காப்பியர் பிரிக்கிறார். நம் சடுகுடு தொட்டுவிட்டு மீளும் ஆட்டம். வெட்சியின் சாயல் உடையது. அமெரிக்கக் காற்பந்தோ கெஜம் கெஜமாக நிலம் கொள்ளும் வஞ்சி. அந்த முக்கூடல் முனையிலேயே 1754இல் பிரெஞ்சுக்காரர் கோட்டை கட்டினர். 1758இல் ஆங்கிலேயர் அவ்விடத்தைக் கைப்பற்றி, பிட் என்னும் தம் அமைச்சரின் பெயரை இட்டனர். அதற்கு முன்பு அந்த மண் யாருடையது என்பதை ஆறுகளின் பெயர்கள் மட்டும் சொல்லிக்கொண்டிருக்கின்றன. நிலம்கொண்டு உருவான நாடு, நிலம்கொள்ளும் ஆட்டத்தைத் தன் ஞாயிற்றுக்கிழமைக்குத் தேர்ந்துகொண்டதில் வியப்பில்லை. இவ்வொப்புமையை இத்துடன் நிறுத்திக்கொள்கிறேன். கண்டதிலெல்லாம் சங்க இலக்கியத்தைக் காணும் நோய் நம்மிடையே உண்டு. அது முற்றினால் எதிரே இருப்பது கண்ணுக்குத் தெரியாது.

எதிரே இருந்தவர்களைப் பற்றிச் சொல்ல வேண்டும். பிட்ஸ்பர்கின் அணிக்கு ஸ்டீலர்ஸ் என்று பெயர். எஃகு ஆலையின் பெயரே அணியின் பெயர். நான் போய்ச் சேர்வதற்குமுன், 1975 முதல் 1980 வரையான ஆறு ஆண்டுகளில், நான்கு முறை சூப்பர் பௌல் வென்ற அணி. ஆலைகள் அணைந்துகொண்டிருந்த காலமும் அணி ஒளிர்ந்த காலமும் ஒன்றையொன்று தொட்டுக்கொண்டிருந்தன. 1972 டிசம்பர் 23 அன்று நிகழ்ந்த ஒன்றை அவ்வூரில் குழந்தையும் சொல்லும். ஓக்லண்டு அணி 7, பிட்ஸ்பர்க் 6. எஞ்சியிருப்பது 22 வினாடி. நான்காவது முயற்சி, பத்துக் கெஜம் வேண்டும். டெரி பிராட்ஷா எறிந்த பந்து, தம் அணியின் ஃபூக்வாவும் எதிரணியின் டேட்டமும் மோதிய இடத்தில் தெறித்துப் பின்னோக்கிப் பறந்தது. அது தரையைத் தொடும் முன் ஃபிராங்கோ ஹாரிஸ் என்னும் முதலாண்டு இளைஞர் கணுக்கால் உயரத்தில் அள்ளிக்கொண்டு எல்லைவரை ஓடினார். 13க்கு 7. உள்ளூர் ஆட்டங்களை உள்ளூர்த் தொலைக்காட்சியில் காட்டக்கூடாது என்பது அன்றைய விதி. ஆகவே ஊரில் பெரும்பாலோர் அதைக் கண்ணால் காணவில்லை, வானொலியில்தான் கேட்டார்கள். பந்து கடைசியாக யார்மேல் பட்டது என்பதைப் பொறுத்து அந்த ஓட்டம் செல்லும் அல்லது செல்லாது. ஐம்பதாண்டுகளாக அதற்குப் பாடபேதங்கள் உண்டு, உரையாசிரியர்களும் ஓயவில்லை.

கத்தோலிக்கர் மிகுந்த ஊர். நேயர் ஒருவர் தொலைபேசியில் சொன்ன ஒரு பெயரை மைரன் கோப் என்னும் வருணனையாளர் அன்றிரவே ஊருக்கு அறிவித்தார். அமலோற்பவம் என்று நம் கிறித்தவத் தமிழ் வழங்கும் சொல்லின் ஆங்கில வடிவில், ஓரிரு எழுத்துகளை மட்டும் மாற்றிச் செய்த சிலேடை அது. தமிழில் ‘அமல ஏற்பு’ என்று சொல்லிப் பார்க்கிறேன், பாதிதான் வருகிறது. காளமேகம் இருந்திருந்தால் முழுதும் வந்திருக்கும்.

இந்த மைரன் கோப் யூதர். 1970 முதல் 2004 வரை ஸ்டீலர்ஸ் ஆட்டங்களை வருணித்தவர். செங்கல்லில் உரசும் கரகரத்த குரல். களத்தில் எதிர்பாராதது நிகழ்ந்தால் ‘யோய்!’ என்பார், அது போதாவிட்டால் ‘இரட்டை யோய்!’ என்பார். யூதக் குடியேறிகளின் இத்திஷ் மொழிப் பாட்டிமார் சமையலறையில் எழுப்பிய ஒலி, ஓர் அமெரிக்க நகரத்தின் பொதுச்சொல் ஆயிற்று. நம் ‘ஐயோ’வுக்கு அந்த வாய்ப்பு இன்னும் வரவில்லை. 1975இல் இரசிகர்கள் மஞ்சள் துவாலை சுழற்றும் வழக்கத்தைத் தொடங்கி வைத்தவரும் அவரே. அத்துவாலையின் உரிமையை 1996இல், மனவளர்ச்சி குன்றியோருக்கான ஒரு பள்ளிக்கு எழுதிக்கொடுத்தார். அவருடைய மகன் அங்கே வாழ்ந்துவந்தான்.

ஃபிராங்கோ ஹாரிசின் தந்தை கறுப்பினப் படைவீரர். தாய் போர்க்காலத்துக்குப் பின் மணம்முடித்து இத்தாலியிலிருந்து வந்தவர். அந்தத் தாயை முன்னிட்டு பிட்ஸ்பர்கின் இத்தாலியர்கள் ‘ஃபிராங்கோவின் இத்தாலியப் படை’ என்று தங்களை அழைத்துக்கொண்டு தலைக்கவசம் அணிந்து அரங்குக்கு வந்தார்கள். ஊர் விமான நிலையத்தில் ஜார்ஜ் வாஷிங்டன் சிலையும் குனிந்து பந்தை அள்ளும் ஃபிராங்கோவின் சிலையும் பல ஆண்டுகள் அருகருகே நின்றன. எங்கள் பெண் ஹில்ஸ் பகுதியில் 1970களில் எழுந்த வேங்கடேசுவரர் கோயிலிலும் ஞாயிற்றுக்கிழமைகளில் பிரசாத வரிசையில் கருப்பும் பொன்னுமான சட்டைகள் நிற்கும். ஒரு மணி ஆட்டத்திற்குள் புளியோதரை கிடைத்துவிடுமா என்பதே அங்கே கேட்கும் உரையாடல்.

ஆலைகள் மூடிய பிறகு அந்த ஊர் மக்கள் பிழைப்புத் தேடி டெக்சாசுக்கும் ஃபுளோரிடாவுக்கும் போனார்கள். என் பக்கத்து வீட்டுக்காரரின் மகனும் ஹியூஸ்டன் போனார். ஞாயிறு ஆட்டம் தொடங்கியதும் தந்தை தொலைபேசியை எடுப்பார். மகன் அங்கிருந்து எடுப்பார். இருவரும் ஒரே ஆட்டத்தைப் பார்ப்பார்கள். பேச்சு அதிகம் இராது. ‘பார்த்தாயா?’, ‘பார்த்தேன் அப்பா’, பிறகு நீண்ட அமைதி. தொலைதூர அழைப்புக்கு நிமிடக் கணக்கில் கட்டணம் வசூலித்த காலம் அது. அமைதிக்கு அவ்வளவு பணம் கொடுத்த வேறொருவரை நான் அறியேன். நாட்டின் எந்தப் பெருநகருக்குப் போனாலும் ஸ்டீலர்ஸ் இரசிகர்கள் கூடும் ஒரு மதுக்கடை உண்டு. ஊரைவிட்டுப் போனவர்கள் அங்கே மஞ்சள் துவாலையோடு உட்கார்ந்திருப்பார்கள். புலம்பெயர்தல் என்ற சொல்லை நாம் நம் சொத்துப்போல வைத்திருக்கிறோம். அவர்கள் கடல் கடக்கவில்லை, மொழி மாறவில்லை. ஆனால் இழந்த ஊரை ஒரு துணியில் முடிந்து கொண்டுபோயிருந்தார்கள்.

இனி நான் சொல்ல வந்ததன் கடினமான பகுதி. மைக் வெப்ஸ்டர் என்று ஓர் ஆட்டக்காரர். எண் 52. 1974 முதல் 1988 வரை பிட்ஸ்பர்கில் ஆடினார். சென்டர் என்பது அவர் நிலை. குனிந்து, பந்தைத் தம் கால்களுக்கிடையே பின்னால் கொடுத்துவிட்டு, அதே நொடியில் எதிரே நிற்பவர்மேல் தலையால் மோத வேண்டும். ஒவ்வொரு முயற்சியும் அவர் கையில்தான் தொடங்கும். ஒவ்வொரு முயற்சியிலும் அவர் தலைதான் முதலில் அடிபடும். கடுங்குளிரிலும் வெறுங்கைகளோடு நிற்பார். பந்து எங்கே போகிறது என்று பார்க்காமல் அவரையே பார்க்க என் பக்கத்து வீட்டுக்காரர் எனக்குக் கற்பித்தார். ‘ஆலையில் எங்கள் வேலை இதுதான்’ என்பார்.

ஓய்வுக்குப் பின் வெப்ஸ்டரின் நினைவு கலங்கியது. சில காலம் தம் வண்டியிலேயே உறங்கினார். 1997இல் புகழ்மன்றத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள். 2002 செப்டம்பரில், 50 வயதில் இறந்தார். அவர் உடலைக் கூராய்வு செய்தவர் நைஜீரியாவிலிருந்து வந்த பென்னட் ஒமாலு என்னும் இளம் மருத்துவர். அவருக்கு இந்த ஆட்டம் தெரியாது. மைக் வெப்ஸ்டர் யார் என்றும் தெரியாது. மூளை வெளித்தோற்றத்தில் இயல்பாகவே இருந்தது. ஆயினும் அதைப் பாதுகாத்து, தம் சொந்தச் செலவில் நுண்சீவல்கள் செய்து நோக்கினார். மீண்டும் மீண்டும் தலையில் பட்ட அடிகளால் டௌ என்னும் புரதம் படிந்து மூளை சிதைந்திருப்பதைக் கண்டார். 2005இல் அதை மருத்துவ இதழில் வெளியிட்டார். ஆட்டக் கூட்டமைப்பின் மருத்துவர்கள் கட்டுரையைத் திரும்பப் பெறும்படி கேட்டார்கள். அவர் பெறவில்லை. 2016 மார்ச்சில்தான் அக்கூட்டமைப்பின் உயர் அலுவலர் ஒருவர், ஆட்டத்திற்கும் அந்நோய்க்கும் தொடர்புண்டு என்று நாடாளுமன்றக் குழுவினர் முன் ஒப்புக்கொண்டார். 2017இல் பாஸ்டன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள், இறந்துபோன 111 தொழில்முறை ஆட்டக்காரர்களின் மூளைகளை ஆராய்ந்து 110இல் அந்நோயைக் கண்டனர். அவை ஐயம் கொண்ட குடும்பங்கள் கொடுத்த மூளைகள். எல்லா ஆட்டக்காரருக்கும் இதே விகிதம் என்று கொள்ளக்கூடாது. அப்படிக் குறைத்துக் கொண்டாலும் அந்த எண்ணை என்னால் கடக்க முடியவில்லை.

ஊரார் எல்லாரும் தெய்வமாகக் கொண்டாடிய ஒருவரின் தலைக்குள் என்ன நடந்தது என்பதைக் காண, அந்த ஆட்டத்தையே அறியாத ஓர் அயலவர் வரவேண்டியிருந்தது. இதைக் கவிஞர்கள் சற்று எண்ணிப் பார்க்க வேண்டும். அயலில் வாழ்வதைக் குறையாகவே பாடிப் பழகிவிட்டோம். அயலான் கண்ணுக்கு ஒரு கடமை உண்டு என்பதைப் பாடியவர் எத்தனை பேர்? செய்தி ஊருக்குள் பரவியபோது என் பக்கத்து வீட்டுக்காரர் சொன்னதை அப்படியே சொல்கிறேன்: ‘என் நுரையீரலை ஆலை எடுத்துக்கொண்டது, அவன் மூளையை ஆட்டம் எடுத்துக்கொண்டது. இரண்டு பேருக்கும் கூலி கொடுத்தார்கள்.’ பிறகு தொலைக்காட்சியை நிறுத்தினார். அடுத்த ஞாயிறு மீண்டும் போட்டார்.

என் மகன் உயர்நிலைப் பள்ளியில் சேர்ந்த ஆண்டு அணியில் சேரப் படிவம் கொண்டுவந்தான். ஒமாலுவின் கட்டுரை வருவதற்குச் சில ஆண்டுகள் முன்பு அது. நானும் என் மனைவியும் ஓரிரவு முழுதும் பேசினோம், கையெழுத்திடவில்லை. அவன் இரண்டு மாதம் என்னோடு முகங்கொடுத்துப் பேசவில்லை. பிறகு அணிவகுப்பு வாத்தியக் குழுவில் சேர்ந்து எக்காளம் ஊதினான். வெள்ளிக்கிழமை இரவுகளில் விளக்கொளியில் அவன் நடந்துவருவதைப் படிக்கட்டில் அமர்ந்து பார்ப்போம். களத்தில் மோதிக்கொண்ட பிள்ளைகளின் பெற்றோர் எங்களுக்கு முன்வரிசையில் அமர்ந்திருப்பார்கள். அவர்கள் ஆரவாரம் செய்யும்போது நாங்களும் எழுந்து நிற்போம். வேறொருவர் பிள்ளையின் தலைக்கு நாம் கைதட்டலாமா என்ற கேள்விக்கு எங்கள் வீட்டில் விடை எழுதப்படவில்லை. ஆட்டம் பார்ப்பதையும் நான் விடவில்லை.

அந்நாட்டுக் கவிஞர்கள் இந்தக் கேள்வியை நமக்கு முன்பே எடுத்துக்கொண்டார்கள். பிட்ஸ்பர்கிலிருந்து ஒஹையோ ஆற்றோடு இறங்கிப் போனால் மார்ட்டின்ஸ் ஃபெரி என்னும் ஆலை ஊர் வரும். ஜேம்ஸ் ரைட் 1927இல் பிறந்த ஊர். 1963இல் வந்த அவருடைய தொகுதியில், அவ்வூரின் பெயரைத் தலைப்பிலேயே தாங்கிய பன்னிரண்டடிக் கவிதை ஒன்று உண்டு. பள்ளி விளையாட்டரங்கின் படிக்கட்டில் இருந்துகொண்டு, உழைத்துக் களைத்த தந்தையரையும் அன்புக்கு ஏங்கும் தாயரையும் நினைக்கிறார். பிறகு தருக்க நூலில் முடிவை அறிவிக்கும் இடைச்சொல் ஒன்று தனித்து ஓரடியாக நிற்கிறது. அதன் பின்னரே பிள்ளைகள் களத்தில் மோதிக்கொள்கிறார்கள். அந்த ஒற்றைச் சொல்லில்தான் கவிதை முழுதும் தொங்குகிறது. மோதலுக்குக் காரணம் களத்தில் இல்லை, படிக்கட்டில் இருக்கிறது என்கிறார் ரைட். இராண்டல் ஜாரல் என்பவரும், ஸ்டீலர்ஸ் அணியில் கடைசியாக ஆடி 1963இல் இறந்த ‘பிக் டாடி’ லிப்ஸ்கம் என்ற பேருருவருக்குக் கையறுநிலை பாடியிருக்கிறார். மைதானம் இலக்கியத்துக்கு ஆகாது என்று அவர்கள் ஒதுக்கிவிடவில்லை.

நம் வட்டத்தின் பத்தாண்டுகளில் அயலகத் தமிழர் எழுதிய கவிதைகள் பலவற்றை இம்மேடையில் வாசிக்கக் கேட்டிருக்கிறேன். பனி இருக்கிறது, விமான நிலையம் இருக்கிறது, ஊரில் விட்டுவந்த வேம்பு தவறாமல் இருக்கிறது. அவற்றில் சில நல்ல கவிதைகள். ஆனால் பக்கத்து வீட்டுக்காரர் இல்லை. முப்பதாண்டுகள் ஒரே வேலிக்கு இருபுறமும் வாழ்ந்தும் நம் கவிதைக்குள் அவர் காலடி வைக்கவில்லை. அவர் வீட்டில் ஞாயிறு பிற்பகல் எழும் கூச்சல் நமக்கு இரைச்சலாகவே நின்றுவிட்டது. வேம்பைப் பாடாதீர்கள் என்று நான் சொல்லவில்லை. வேலிக்கு அப்புறம் கேட்கும் கூச்சலில் யார் பெயர் இருக்கிறது என்று எழுந்துபோய்க் கேட்பதற்கு, பன்னிரண்டடி எழுதக்கூடிய ஒருவராவது நம்மிடையே வேண்டும்.

2023 ஜனவரி 2, திங்கள் இரவு. சின்சினாட்டியில் ஆட்டம். டமார் ஹேம்லின் என்னும் 24 வயது இளைஞர். பிட்ஸ்பர்கை அடுத்த மக்கீஸ் ராக்ஸ் ஊர்க்காரர். எதிரணியினர் ஒருவரை மறித்து வீழ்த்திவிட்டு எழுந்தார். எழுந்தவர் அப்படியே பின்னால் சாய்ந்தார். இதயம் நின்றுவிட்டது. களத்திலேயே மருத்துவர்கள் மார்பை அழுத்தத் தொடங்கினார்கள். அவருடைய அணியினர், யாரும் சொல்லாமலே, அவரைச் சுற்றி வட்டமாக வந்து நின்றார்கள், முழந்தாளிட்டார்கள். ஒளிப்படக் கருவிகளுக்கு அவர் முகம் தெரியாதபடி உடல்களால் சுவர் எழுப்பினார்கள். ஆட்டம் நிறுத்தப்பட்டது, பிறகு நடத்தப்படவேயில்லை. அவர் பிழைத்தார், அதே ஆண்டு அக்டோபரில் மீண்டும் களம் இறங்கினார்.

அன்றிரவு என் மகன் வேறு ஊரிலிருந்து தொலைபேசியில் அழைத்தான். ‘அப்பா, பார்க்கிறீர்களா?’ என்றான். ‘பார்க்கிறேன்’ என்றேன். ஏறத்தாழ ஒரு மணி நேரம் இணைப்பு இருந்தது. இருவரும் வேறெதுவும் பேசவில்லை.